நிற்கக் கூடாத சாலையில் குட்டி யானை

அந்தமானில் பனி பெய்வதில்லை. ஆனால், இமாசலத்தில் பனிக்கட்டி மேல் வண்டி ஓட்டுபவர் ஜனவரியில் படும் பாட்டை இங்கே சிறு லாரி ஓட்டுபவர் ஜூனில் படுகிறார். நோய் ஒன்று, மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சேலமும் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. சேலத்தில் வெண்பனி கொட்டாதது போலவே, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலும் கொட்டாது. அந்தமானின் மிக உயரமான சிகரமான சாடில் பீக்கின் உயரம் 732 மீட்டர். அது ஊட்டியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, பனியில் சக்கரம் வழுக்கும் பேச்சுக்கே இங்கு இடமில்லை.

சேற்றில் வழுக்குவது வேறு கதை. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தீவுகளைப் பிடித்துக்கொள்ளும். அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. மண் பெரும்பாலும் களி. நடு அந்தமானுக்குத் தெற்கே உள்ள பாராடாங் தீவில் சேற்று எரிமலையே இருக்கிறது. மழைக்காலத்தில் தார்ச் சாலையை விட்டுக் கிராமத்துப் பாதையில் இறங்கும் எந்த வண்டியும் வெண்ணெய் மேல் நடப்பது போலத்தான் நடக்க வேண்டும். தார்ச் சாலையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. மலைச்சரிவிலிருந்து மழைநீரோடு இறங்கும் மண், தார் மேல் மெல்லிய படலமாகப் படிந்தால் அது கிரீஸ் தடவியது போல ஆகிவிடுகிறது.

இந்தச் சேற்றில் அதிகம் தவிப்பது பெரிய லாரி அல்ல. அதன் எடையே அதற்குத் துணை. தவிப்பது சிறிய லாரிதான். அதுவும் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது.

தமிழ்நாட்டில் அந்த வண்டிக்குக் குட்டி யானை என்று பெயர். 2005-ல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சுமை. வடக்கே இதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர், பொருள் அதேதான். வாழைத்தாரும் தண்ணீர் கேனும் கல்யாண வீட்டு நாற்காலியும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டின் சந்துபொந்தெல்லாம் நுழையும் இந்த வண்டியும், இதற்கு அண்ணன் முறையான பிக்கப் வேன்களும் அந்தமானுக்கும் கப்பலேறி வந்துவிட்டன. இங்கே வரும் எல்லா வண்டிகளும் கப்பலில் வந்தவைதான்.

அரிசி, சிமெண்ட், சோப்பு, மருந்து என்று 'மெயின்லாண்ட்' அனுப்பும் எதுவும் முதலில் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறங்குகிறது. சென்னையிலிருந்து கப்பலுக்குச் சுமார் மூன்று நாள். அங்கிருந்து வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் வரை செல்லும் பெருவழி அந்தமான் டிரங்க் ரோடு. 300 கி.மீட்டருக்கும் மேல் நீளும் அந்தச் சாலையிலிருந்து பிரியும் சிறு பாதைகளில் சரக்கைக் கொண்டு சேர்ப்பவை சிறிய வண்டிகள். குட்டி யானை இல்லாவிட்டால் பல கிராமங்களில் மளிகைக் கடையின் அலமாரி காலி.

கணக்கு எளிது

காலி வண்டி ஏன் வழுக்குகிறது? எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. சக்தி இருக்கிறது, அதைத் தரைக்குக் கொண்டுசெல்ல வழி இல்லை. சக்கரம் தரையைப் பிடிக்கும் பலம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, சக்கரத்தின் மேல் அழுத்தும் பாரம். மற்றொன்று, டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. காய்ந்த தார்ச் சாலையில் பாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்குப் பிடிமானம் கிடைக்கும். இறுகிய பனியில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் பத்தில் ஒரு பங்கு. நனைந்த களிமண், மோசமான நாட்களில், இறுகிய பனியின் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு காலி வண்டி. எஞ்சின் முன்பக்கம் இருப்பதால் பின்சக்கரங்களின் மேல் 400 கிலோதான் விழுகிறது. வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரங்கள். ஐந்தில் ஒரு பங்கு பிடிமானம் என்றால் 80 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் வண்டி ஏற, எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிலோ தள்ளு சக்தி தேவை. கையில் இருப்பது 80. வண்டி ஏறாது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்.

இப்போது பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 300 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஆறு வைத்தால்? பின்சக்கரங்களின் மேல் 700 கிலோ. பிடிமானம் 140 கிலோ. மொத்த எடை 1,200 கிலோ. ஏற்றத்துக்குத் தேவை 120. வண்டி ஏறிவிடும். எஞ்சினில் ஒரு குதிரைத் திறன்கூடக் கூடவில்லை. கூடியது பாரம் மட்டுமே. அதுவும் இருக்க வேண்டிய இடத்தில்.

குளிர்நாடுகளில் பிக்கப் லாரி வைத்திருப்பவர்கள் குளிர்காலம் தொடங்கும்போது பின்தட்டில் மணல் மூட்டை ஏற்றுவதன் ரகசியம் இதுதான். மணலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வண்டி சிக்கினால் மூட்டையை அவிழ்த்துச் சக்கரத்தின் முன் தூவலாம்.

இந்தியாவில் இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது இமயமலையில். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் சோஜிலா கணவாய் 3,500 மீட்டருக்கு மேல். மணாலிக்கு வடக்கே ரோதாங் கணவாய் ஏறக்குறைய 4,000 மீட்டர். 2020 அக்டோபரில் ரோதாங்குக்கு அடியில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, குளிர்காலத்திலும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக முடிகிறது. ஆனால் பனி கொட்டும் நாட்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையும், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டுமே போலீசார் அனுமதிக்கிறார்கள்.

அந்தமானில் சங்கிலி கட்டச் சொல்லும் போலீசார் இல்லை. ஆனால், ஒரு காலத்தில் இங்கே சேற்றில் பாரம் இழுக்கச் சங்கிலி கட்டியவர்கள் இருந்தார்கள். டயருக்கு அல்ல, நிஜ யானைக்கு.

நிஜ யானையின் காலம்

அந்தமானின் பொருளாதாரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மரத்தின் மேல் நின்றது. 1883-ல் வனத்துறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையும் வந்தது. படாக், கர்ஜன் போன்ற மரங்கள் காட்டில் வெட்டப்பட்டு, ஆலைக்கு வந்து, கப்பலேறின. மரம் வெட்ட ராஞ்சிப் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். பர்மாவிலிருந்து 1925-ல் கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். மரத்தை இழுக்க யானைகள் வந்தன.

அந்தமானுக்குச் சொந்த யானை கிடையாது. ஒவ்வொரு யானையும் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டதுதான். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். சில யானைகள் நீந்தியே போய்ப் பழகின. அவற்றில் புகழ் பெற்றது ராஜன். 1970-களில் மரம் இழுக்க அந்தமானுக்கு வந்த அது, பிற்காலத்தில் ஹேவ்லாக் தீவில் வாழ்ந்தது. 2018 முதல் அத்தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப். கடலுக்கடியில் ராஜன் கால்களை வீசி நீந்தும் காட்சியை 2006-ல் வெளிவந்த 'தி ஃபால்' என்ற ஆங்கிலப் படத்தில் உலகமே பார்த்தது. 2016-ல் சுமார் 66 வயதில் அது இறந்தது.

சேற்றுக் காட்டில் யானையை வெல்ல எந்த வண்டியாலும் முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கை யானைக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நன்கு வளர்ந்த ஆண் யானை சுமார் 4 டன். ஐந்து காலி குட்டி யானை வண்டிகளின் எடை அது. அந்த எடை முழுவதும் இழுக்கும் கால்களின் மேலேயே இருக்கிறது. ஏனென்றால் நான்கு காலும் இழுக்கின்றன. வண்டிக்காரர் மொழியில் சொன்னால், பிறவியிலேயே நான்கு சக்கர இழுவை. பாதம் அகன்றது. எடை விழும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். அதனால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், யானை காலை ஊன்றுவதற்கு முன் தரையைச் சோதிக்கும். பிடிமானம் இல்லாத இடத்தில் முழு எடையை வைக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுப் பிறகு யோசிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

யானைக்கும் லாரிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. அந்தமானுக்கு அதுதான் முக்கியமானது. யானைக்குத் தடம் போதும். சக்கரத்துக்குச் சாலை வேண்டும். யானை போன தடத்தைக் காடு சில மழைகளில் மூடிவிடும். லாரிக்காகப் போட்ட சாலை மூடுவதில்லை.

யானை மட்டும் காட்டுக்குக் கெடுதல் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. நடு அந்தமானுக்கு மேற்கே இருக்கும் இன்டர்வியூ தீவே சாட்சி. கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு தனியார் மர நிறுவனம் நொடித்துப்போக, 1962 வாக்கில் சுமார் 40 யானைகள் அங்கே விடப்பட்டன. பாகன் இல்லாத யானைகள் காட்டு யானைகளாயின, குட்டி போட்டன. யானையையே பார்த்திராத அந்தத் தீவின் தாவரங்கள் தின்னப்பட்டும் மிதிக்கப்பட்டும் குறைந்தன. தாழையும் மூங்கிலும் அதிகம் அடி வாங்கின என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தீவுக்கு வெளியிலிருந்து பாரம் இழுக்க எதைக் கொண்டுவந்தாலும், வேலை முடிந்த பிறகு அது என்ன செய்யும் என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. யானைக்கும் இது பொருந்தும், சாலைக்கும் பொருந்தும்.

நிற்கக் கூடாத ஐம்பது கி.மீ.

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் வண்டிகள் ஜிர்காடாங் என்ற இடத்தில் வரிசை கட்டி நிற்கும். அங்கே சோதனைச் சாவடி. அதற்கு அப்பால், நடு ஜலசந்தி வரை ஏறக்குறைய 50 கி.மீ. தூரம் ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காடு. நினைத்த நேரத்தில் போக முடியாது. பகலில் குறிப்பிட்ட நேரங்களில் வண்டிகளைத் தொடராகச் சேர்த்துப் போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். வேகம் மணிக்கு 40 கி.மீட்டருக்குள். முந்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. ஜாரவாக்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கும் நிற்கக் கூடாது.

இந்த விதிகளுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஜாரவாக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் காட்டில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் வாழ்பவர்கள். 1957-ல் அவர்களுக்காகக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. 1970-களில் அதே காட்டின் ஊடாக டிரங்க் ரோடு போடும் வேலை நடந்தது. சாலை போட வந்தவர்கள் மேல் அம்புகள் பாய்ந்தன. வேலை நின்று நின்று நடந்தது; ஆனாலும் சாலை முடிந்தது. 1997-ன் பிற்பகுதியில் ஜாரவாக்கள் அம்பு இல்லாமல் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது.

தட்டம்மை என்ற சொல் அந்தமான் வரலாற்றில் சாதாரணச் சொல் அல்ல. 1877-ல் பரவிய தட்டம்மை கிரேட் அந்தமானியப் பழங்குடிகளை வாரிக்கொண்டு போயிற்று. அதுவும் மற்ற நோய்களும் சேர்ந்து, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்களை 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைத்துவிட்டன. வெளியாரின் இருமலும் தும்மலும் இங்கே அம்பைவிட ஆபத்தான ஆயுதங்கள்.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பழங்குடிக் காப்புக்காட்டில் மரம் வெட்டுவதை அது தடுத்தது. அந்தமான் மரம் வணிகச் சரக்காக மெயின்லாண்டுக்குப் போவதும் நின்றது. மரம் இழுத்த யானைகள் வேலை இழந்தன. ஜாரவா பகுதியில் டிரங்க் ரோட்டை மூட வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. சாலை மூடப்படவில்லை. வடக்குத் தீவுகளில் வாழும் குடியேறிகளுக்குப் பெரிய மருத்துவமனையும் பெரிய சந்தையும் போர்ட் பிளேரில்தான். சாலை இல்லாமல் எப்படி என்ற கேள்வியும் நியாயமானதே. கடல் வழி இருக்கிறது. ஆனால் மழைக்காலக் கடல் எல்லா நாளும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை.

2012-ல் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆட வைத்த வீடியோ உலகெங்கும் ஒளிபரப்பாகி, இந்தியாவுக்குத் தலைகுனிவைத் தந்தது. அதன் பிறகு கெடுபிடி கூடியது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் ஜாரவாக்கள் 380. ஆயிரத்தில் ஒருவர். அந்த ஒருவரின் வீட்டு முற்றத்தின் வழியாகத்தான் மற்றவர்களின் அரிசியும் சிமெண்டும் போகின்றன.

மொட்டை டயரின் கதை இங்கேதான் சாதாரண மெக்கானிக் கடைக் கதையாக இல்லாமல் போகிறது. சேலம் புறவழிச் சாலையில் ஒரு குட்டி யானை சேற்றில் சிக்கினால் நஷ்டம் அதன் ஓட்டுநருக்கு மட்டும். ஜாரவா காட்டில் முந்தக் கூடாத ஒற்றைத் தொடரில், ஈரமான ஏற்றத்தில் ஒரு காலி வண்டி சக்கரம் சுழன்று நின்றால், பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நிற்க வேண்டும். ஆட்கள் இறங்குவார்கள், தள்ளுவார்கள், வெற்றிலையும் பிஸ்கெட் காகிதமும் கீழே விழும். விதி எதைத் தடுக்க எழுதப்பட்டதோ அது ஒரு தேய்ந்த டயரின் தயவில் நடந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் டயர். பட்டன் தேய்ந்த டயரை 'இன்னும் ஒரு மாதம் ஓடும்' என்று ஓட்டுவது நம் நாட்டு வழக்கம். தார்ச் சாலையில் வெயில் காலத்தில் அது ஓடலாம். சேற்றில் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளம்தான் வேலை செய்கிறது. டயர் சுற்றும்போது அந்தப் பள்ளத்திலிருந்து சேறு தெறித்து வெளியேற வேண்டும். பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால்தான் அது நடக்கும். இல்லையேல் சேறு அப்பிக்கொண்டு டயர் களிமண் உருண்டையாகிவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. குளிரில் விறைக்காத மென்மையான ரப்பரில், பட்டன் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களோடு அதைச் செய்கிறார்கள். அந்தமானுக்கு அந்த டயர் வேண்டாம். பின்சக்கரங்களுக்கு அகன்ற பள்ளம் கொண்ட நல்ல டயர் போதும்.

இரண்டாவது, பாரம். காலியாகத் திரும்பும் வண்டியில் ஆறு மூட்டை. மணல் மூட்டை என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தமானில் மணலும் சிக்கலான பொருள். கடற்கரையில் மணல் அள்ளுவதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றும் 2002 ஆணை சொல்லியிருக்கிறது. ஆமைகள் முட்டையிடும் கரைகள் அவை. கல் குவாரித் தூளோ சரளைக் கல்லோ போதும். எடைக்கு மணல்தான் வேண்டும் என்பதில்லை. மூட்டைகளைப் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். பின்கதவு ஓரத்தில் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. கயிறு போட்டுக் கட்டுவதும் கட்டாயம். திடீர் பிரேக்கில் அவிழ்ந்து முன்னால் பாயும் 50 கிலோ மூட்டை, கேபினுக்கு எமன்.

ஓர் எச்சரிக்கை. பாரம் ஏற உதவும், நிற்க உதவாது. பிரேக் போடும்போது பிடிமானம் கூடும் அளவுக்கு, நிறுத்த வேண்டிய எடையும் கூடிவிடுகிறது. ஆகவே மூட்டை ஏற்றிய தைரியத்தில் இறக்கத்தில் வேகம் வைக்கக் கூடாது.

மூன்றாவது, காற்று. மென்மையான சேற்றிலோ மணலிலோ இறங்கும் முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளும். டயர் புதைவது குறையும். ஆனால் தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். வழியில் காற்று நிரப்பும் கடை இல்லாத காட்டுச் சாலைக்கு முன்னால் இந்த வித்தை வேண்டாம்.

நான்காவது, கால். வழுக்கும் இடத்தில் முதல் கியரில் போட்டு மிதிப்பதைவிட, இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டுக் கிளம்புவது மேல். முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு அதிகம். தரையின் பிடியை அது உடைத்துவிடும். சுழலத் தொடங்கிய சக்கரம் குழி தோண்டும். ஆழமான குழியில் விழுந்த பிறகு எந்தக் கணக்கும் உதவாது. பனியிலும் இதே விதிதான். ஏற்றத்துக்கு முன்னால் சீரான வேகம் பிடித்து, நடுவில் கியர் மாற்றாமல், ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்காமல் போவது நல்லது.

ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் சுழன்று, மற்றது கெட்டித் தரையில் சும்மா நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது டிபரென்ஷியல் செய்யும் வேலை. திருப்பங்களில் இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் அந்தப் பல்சக்கரப் பெட்டி, இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் தரும். ஒன்று வழுக்கினால், மற்றதுக்கும் அந்த வழுக்கும் சக்கரத்துக்குக் கிடைக்கும் அற்ப முறுக்குதான் கிடைக்கும். பெரிய காட்டு வண்டிகளில் டிபரென்ஷியலைப் பூட்டும் வசதி இருக்கும். சிறு லாரியில் பொதுவாக இருக்காது. கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டி என்றால் ஒரு வழி உண்டு. கைப்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தபடி மெதுவாக நகர்ந்தால், சுழலும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து, நிற்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் முறுக்குப் போகும். சில அடி தூரத்தைத் தாண்ட அது போதும்.

கடைசியாகச் சங்கிலி. டயர்ச் சங்கிலி பனிக்காக வந்தது என்றாலும் சேற்றிலும் கடிக்கும். இழுக்கும் சக்கரங்களில்தான் கட்ட வேண்டும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச் சாலையில் அதைக் கட்டி ஓட்டினால் சாலையும் கெடும், டயரும் கெடும். கிராமத்துப் பாதைக்கு அது நல்ல துணை. டிரங்க் ரோட்டுக்கு அல்ல.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆறு மூட்டைக் கல்தூள், இரண்டு நல்ல டயர், ஒரு கயிறு, கொஞ்சம் பொறுமை. ஜிர்காடாங்கில் ஆவணங்களையும் பயணிகளையும் சரிபார்க்கும் நேரத்தில், பின்டயரின் பட்டனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. சுரங்கப்பாதைக்கு முன்னால் சங்கிலி இல்லாத வண்டியை நிறுத்த மணாலியில் முடிகிறது என்றால், மழைக்காலத்தில் மொட்டை டயரை நிறுத்த இங்கேயும் முடியும்.

அந்தச் சாலை இருக்க வேண்டுமா என்ற வழக்கில் வண்டிகளின் தரப்பு இதுவரை தோற்கவில்லை. சாலை திறந்திருக்கிறது, சரக்கு போகிறது, அடுத்த ஜூனிலும் போகும். தோற்றவர்கள் காட்டுக்குள் இருக்கிறார்கள். நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்ததில் இன்று நடைமுறையில் மிஞ்சியிருப்பது ஒரு சிறிய சலுகைதான்: வருகிறவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள் என்ற வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றுவது கடைசியில் நான்கு அங்குல அகலத்துக்குத் தரையைத் தொட்டுக்கொண்டு சுழலும் இரண்டு பின்சக்கரங்கள்.